எம்டனின் அடுப்படி

நாகர்கோவில் பக்கம் ஒரு பையனின் சாமர்த்தியத்தை மெச்சவும் அவனிடம் சூதானமாக இருக்கச் சொல்லவும் ஒரே சொல்தான். "லேசுப்பட்டவன்னு நெனைக்காத, அவன் எம்டன்லா." சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஒரு கப்பலின் பெயர் என்பது தெரியாது, தெரிந்துதான் ஆகவேண்டும் என்றும் இல்லை. களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் அதே சொல் 'எமண்டன்' ஆகி, மலைக்கவைக்கும் பருமன் கொண்டது என்று பொருள்படுகிறது. இலங்கையில் சிங்களவரும் தந்திரக்காரனை இப்படித்தான் சொல்கிறார்கள். 2006இல் 'எம்டன் மகன்' என்று தொடங்கிய தமிழ்ப் படம், தமிழ்ப் பெயருக்கான கேளிக்கை வரிச் சலுகையை முன்னிட்டு 'எம் மகன்' ஆனது. ஏறக்குறைய நூறு வருஷம் அடுக்களைவரை புழங்கிய சொல்லைத் தமிழ் அல்ல என்று கண்டுபிடிக்க ஒரு அரசாணை வேண்டியிருந்தது. எமன் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததால்தான், ஜெர்மனியின் எம்ஸ் ஆற்றங்கரைத் துறைமுகம் ஒன்றின் பெயர் இவ்வளவு சுலபமாக நாக்கில் ஒட்டிக்கொண்டது என்பது என் ஊகம்.

நாஞ்சில் நாட்டுக்கு இந்தக் கப்பலோடு இன்னொரு உறவும் உண்டு. எம்டன் சென்னைமேல் குண்டு போட்டபோது அதில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பது இங்கே பலரும் சத்தியம் செய்து சொல்லும் சங்கதி. கப்பலின் பொறியாளர் அவர்தான் என்பார்கள் சிலர். துணைத் தளபதி என்பார்கள் வேறு சிலர். மருத்துவர் என்றும் ஒரு கட்சி உண்டு. மேடைப் பேச்சுகளிலும் பள்ளி மலர்களிலும் இவை மாறிமாறி வரும்.

பிள்ளையின் வாழ்க்கையில் கட்டுக்கதை சேர்க்கத் தேவையே இல்லை, நடந்ததே போதும். திருவனந்தபுரத்தில் 1891இல் நாஞ்சில் நாட்டு வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்ற ஆங்கிலேய உயிரியலாளரோடு பதினேழு வயதளவில் ஐரோப்பா போனவர். 1914 ஜூனில் ஜூரிக்கில் இந்திய விடுதலைக்கான சர்வதேசக் குழுவைத் தொடங்கி அதற்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். அந்த அக்டோபரில் பெர்லினுக்கு மாறி அங்கிருந்த இந்தியப் புரட்சியாளர்களோடு சேர்ந்தார். 1915 டிசம்பரில் காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசில் வெளிவிவகார அமைச்சராக அவர் பெயர் உண்டு. இந்தத் தேதிகளே வழக்கைத் தீர்த்துவிடுகின்றன. எம்டன் 1914 ஜூலை 31 அன்று சீனக் கடற்கரையின் சிங்தாவ் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று ஒரே ஒருமுறை அங்கே திரும்பிவந்து போனது, ஐரோப்பாப் பக்கம் அது போகவே இல்லை. ஜூரிக்கில் குழு நடத்திக்கொண்டிருந்த ஒருவர் செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் அந்தக் கப்பலில் நிற்பதற்கு வழியே இல்லை.

கதை எப்படி முளைத்தது என்பது எளிதில் விளங்கக்கூடியதே. என்னை யோசிக்கவைப்பது வேறொன்று: அந்தக் கதையில் பிள்ளைக்கு எங்கே இடம் கொடுத்தோம்? கட்டளைத் தளத்தில், அதிகாரிகளின் பக்கத்தில். அவர் கரி அள்ளினார் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நம் கரையின் பழக்கமே இப்படித்தான். 1741 ஆகஸ்டில் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவின் படையிடம் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். சரணடைந்த டிலனாய் திருவிதாங்கூரின் தளபதி ஆனார். 1777இல் இறந்த அவருக்கு உதயகிரிக் கோட்டையில் லத்தீனும் தமிழும் பொறித்த கல்லறை இருக்கிறது. அவரைக் கொண்டுவந்து இறக்கிய கப்பல்களில் பாய் இழுத்தவன் பெயர் ஒன்று சொல்லுங்கள் என்றால் நம்மில் யாரும் வாய் திறக்க முடியாது.

எம்டனில் அதிகாரிகள் பதினெட்டுப் பேர். மற்றவர்கள் ஏறத்தாழ 340. அதிகாரிகள் எழுதினார்கள். முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கெ 1915லேயே புத்தகம் போட்டுவிட்டார். டார்பீடோ அதிகாரியாக இருந்த ஹோஹென்ஸோலர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் யோசெஃபும் எழுதினார். கப்பலின் அன்றாடம் நமக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான். இந்தப் புத்தகங்களில் மாலுமிகள் எப்போதும் சிரித்த முகத்தோடு, பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்கள். படிக்கும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: இது சட்டை அழுக்காகாத இடத்திலிருந்து பார்த்த காட்சி. ஆனாலும் கவனமாகப் படித்தால் வரிகளுக்கு அடியில் கரித்தூள் தட்டுப்படும்.

கப்பலின் உடம்பைத் தெரிந்துகொண்டால்தான் அதில் வாழ்ந்தவன் பாடு புரியும். டான்ஸிக் தளத்தில் கட்டி 1908இல் கடலில் இறக்கிய எம்டன் 118 மீட்டர் நீளமும் பதின்மூன்றரை மீட்டர் அகலமும் உடையது. 10.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் பத்து. நிலக்கரி எரிக்கும் கொதிகலன்கள் பன்னிரண்டு. நீராவிச் சுழலிகள் வந்துவிட்ட காலத்தில், உலக்கைபோல ஏறி இறங்கும் பழைய தண்டு எந்திரத்தோடு கட்டப்பட்ட கடைசி ஜெர்மானியக் குரூசர் இது. கரிக் கிடங்குகளில் 860 டன் கொள்ளும். 12 நாட் வேகத்தில் நிதானமாகப் போனால் அந்தக் கரியில் 3,760 கடல் மைல் ஓடலாம் என்பது கட்டியவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 3,760 மைலை 12 நாட்டில் கடக்கப் பதின்மூன்று நாள். அப்படியானால் நாளொன்றுக்கு 66 டன். ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் தினம் 1,300 மூட்டைக்கு மேல். இது அவசரமில்லாத வேகத்துக்கு. எதிரிக் கப்பலின் புகை தெரிந்து வேகம் கூட்டினால் கணக்கு இரண்டு மூன்று மடங்காகும். மூன்று மாதத்தில் எம்டன் ஓடிய தூரம் சுமார் 30,000 கடல் மைல் என்று சொல்லப்படுகிறது. எப்படிக் குறைத்துப் போட்டாலும் ஏறத்தாழ ஏழாயிரம் டன் கரி மனிதக் கையால் அந்த அடுப்புகளுக்குள் போயிருக்க வேண்டும்.

ஒரு கரிக்கட்டியை எத்தனை முறை தொடவேண்டும் என்றும் பார்க்கலாம். கரிக்கப்பலின் அடிவயிற்றில் மண்வெட்டியால் வெட்டிச் சாக்கிலோ கூடையிலோ நிரப்புவது முதல் வேலை. அதைத் தூக்கி எம்டனின் தளத்துக்குக் கொண்டுவந்து, தளத்திலுள்ள வட்டத் துவாரங்கள் வழியாகக் கிடங்கில் கொட்டவேண்டும். கிடங்குக்குள் வேறு சில ஆட்கள் குனிந்தபடி நின்று, விழுகிற கரியை மூலைமுடுக்கெல்லாம் தள்ளி நிரவுவார்கள். வெளிச்சம் கிடையாது, காற்றும் கிடையாது, வாயில் கட்டிய துணி ஒன்றுதான் காப்பு. பிறகு கடலில் போகும்போது கிடங்கிலிருந்து அடுப்படிக்கு வண்டியில் தள்ளிக்கொண்டு வருவது. அடுப்படி ஆள் அதை அள்ளிக் கதவு திறந்து எறிவது. எரிந்தபின் தட்டுக் கம்பிகளில் இறுகிக் கிடக்கும் கட்டிகளை நீண்ட கம்பியால் குத்தி உடைத்து இழுப்பது. கடைசியில் சாம்பலை வாளியில் நிரப்பி மேலே ஏற்றிக் கடலில் கவிழ்ப்பது. முறை மாறும்போதெல்லாம், போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும், இந்தச் சாம்பல் வாளி மேலே வந்தாக வேண்டும்.

அடுப்படியில் வேலை நான்கு மணிநேர முறைகளாக ஓடும். நீர்மட்டத்துக்குக் கீழே இரும்புச் சுவர்களுக்கிடையே, நிலநடுக்கோட்டுக்கருகில், வெப்பம் ஐம்பது பாகையைத் தாண்டுவது அந்தக் காலக் கப்பல்களில் சாதாரணம். மேலே நடப்பது எதுவும் அங்கே தெரியாது. பிடித்த கப்பலையும் பார்க்கமாட்டான், மூழ்கும் கப்பலையும் பார்க்கமாட்டான். எந்திரத் தந்தியின் மணிச்சத்தமும் வேகம் கூட்டு, குறை என்ற கட்டளையும்தான் அவனுக்கு வந்து சேரும் யுத்தச் செய்தி.

கரியிலும் சாதி உண்டு. செப்டம்பர் 10 வாக்கில் வங்காள விரிகுடாவில் எம்டன் பிடித்த முதல் கப்பல் பொன்டோபோரோஸ். கிரேக்கக் கொடி, ஆனால் ஆங்கிலேயருக்கான கரி, ஏறத்தாழ 6,500 டன். கப்பல் முழுக்கக் கொண்டாட்டம். எரித்துப் பார்த்தபோதுதான் குணம் தெரிந்தது. வங்கத்துக் கரி, சூடு குறைவு, சாம்பல் அதிகம், புகையோ வானத்தில் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். அதே வேகத்துக்கு அதிகமாக அள்ளவேண்டும், அடிக்கடி குத்தி உடைக்கவேண்டும், சாம்பல் வாளியும் கூடுதலாக ஏறவேண்டும். தளபதிக்கு அது ஒளிந்து திரிவதில் வந்த சிக்கல். அடுப்படி ஆளுக்கோ அது முதுகுவலி. இரண்டு வாரம் கழித்து மினிக்காய்ப் பக்கம் பிடிபட்ட பியூரெஸ்க் என்ற கப்பலில் 6,600 டன் வேல்ஸ் கரி இருந்தது. உலகத்திலேயே உயர்ந்த ரகம் அது. ஹாங்காங்கிலிருந்த ஆங்கிலக் கடற்படைக்காகப் போய்க்கொண்டிருந்தது. அன்று அடுப்படியில் யாராவது சாமி கும்பிட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

கரி ஏற்றும் நாளில் கப்பலில் மேல் கீழ் என்ற பேதம் தற்காலிகமாக ஒழிந்துவிடும். பீரங்கிக்காரன், சமையற்காரன், எழுத்தர், இளம் அதிகாரி எல்லோருக்கும் மண்வெட்டி. வாத்தியக்குழு ஓரமாக நின்று வாசிக்கும். துறைமுகம் இல்லாத எம்டன் இதையெல்லாம் நடுக்கடலிலோ யாருமற்ற தீவுகளின் மறைவிலோ செய்தது. அலையில் இரண்டு இரும்பு மலைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, நடுவில் சாக்கு தூக்கிக்கொண்டு ஆட்கள். கிடங்கு நிரம்பினாலும் விடுவதில்லை. அடுத்த கரி எப்போது கிடைக்குமோ என்று தளத்தின் மேலும் குவித்தார்கள். காலையில் எழுந்து நடக்க இடம் தேடவேண்டிய நிலை.

அப்படிப்பட்ட கப்பலில் சோப்பு தீர்ந்துபோனால் என்ன ஆகும்? யுத்தம் தொடங்கிச் சில வாரங்களிலேயே எம்டனில் அதுதான் நடந்தது. வீட்டில் இருப்பவர்களுக்குச் சின்ன விஷயம். கரித்தூள் தோலின் துவாரங்களுக்குள் ஏறியவனுக்கு அது சோற்றுக்கு அடுத்தபடி. இண்டஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. இந்தியப் படைகளை ஐரோப்பாவுக்கு ஏற்றிப்போகத் தயார்செய்யப்பட்ட கப்பல். அதைப் பிடித்தபோது உள்ளே பெட்டிபெட்டியாகச் சோப்பு. அதிகாரிகளின் புத்தகங்களில் மூழ்கடித்த கப்பல்களின் டன் கணக்கைவிட இந்தச் சோப்பைப் பற்றிய வரிகளில்தான் சாதாரண மாலுமியின் குரல் எனக்குக் கேட்கிறது.

பிடித்த கப்பல்களிலிருந்து உயிரோடும் சாமான்கள் வந்தன. பன்றி, ஆடு, கோழி, வாத்து. இரும்புத் தளம் சில வாரங்களுக்கு வடசேரிச் சந்தைபோல ஆயிற்று. பூனை ஒன்று குட்டி போட்டது. மாலையில் வாத்தியக்குழு வாசிக்க, ஆட்கள் தளத்தில் உட்கார்ந்து பறிமுதல் செய்த சிகரெட்டைப் புகைத்தார்கள். படுக்கை என்பது கொக்கிகளுக்கிடையே கட்டும் தூளி. நம் வீடுகளில் பிள்ளைத்தாய்ச்சி பெற்ற குழந்தைக்குக் கட்டுவதை அங்கே தாடிக்காரனுக்குக் கட்டியிருப்பார்கள். சூடு தாங்காமல் பலரும் பீரங்கியின் பக்கத்தில் வெறும் தளத்திலேயே படுத்தார்கள். எப்படியும் பாதி ராத்திரியில் எழுப்பப் போகிறார்கள். சலவைக்குச் சீனர்கள் சிலர் சிங்தாவிலிருந்து கூடவே வந்தார்கள். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் சண்டை என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

கைவேலையும் நடந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. அந்தக் கடலில் திரிந்த ஆங்கிலக் குரூசர் யார்மத்துக்கு நான்கு. எனவே பாய்த்துணியும் மரச்சட்டமும் கொண்டு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து நிறுத்தினார்கள். ராத்திரியில் தூரத்துக்கு அது போதும். எம்டன் என்ற சொல்லுக்குத் தமிழில் தந்திரம் என்ற பொருள் வந்ததற்கு இந்தத் துணிக்கூண்டும் ஒரு காரணம். அதைத் தைத்தவன் கை யாருடையது என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

சென்னையைப் பற்றி அதிகம் எழுதப்பட்டுவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணியளவில் துறைமுகத்துக்கு நேராக வந்து நின்று, விளக்கு அடித்துப் பார்த்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது. சுமார் 130 குண்டுகள். அரை மணிக்குள் எல்லாம் முடிந்து கப்பல் இருட்டில் போய்விட்டது. எண்ணெய் எரிந்த வெளிச்சம் நெடுந்தூரம் தெரிந்தது. உயர்நீதிமன்றச் சுவரில் அந்தக் குண்டுவீச்சின் நினைவுக்கல் இன்றும் உண்டு. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலில் குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். ஊர் பயந்தோடியதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஐந்து பேரைப் பற்றிப் பேசுவதில்லை. போரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் கப்பலில் தூங்கப் போனவர்கள் அவர்கள்.

அங்கிருந்து தெற்கே இறங்கி இலங்கையைச் சுற்றி எம்டன் மேற்கே வந்தது. படத்தை விரித்துப் பார்த்தால் கன்னியாகுமரியும் மினிக்காயும் ஏறக்குறைய ஒரே அகலக்கோட்டில் இருப்பது தெரியும். நடுவே சுமார் 500 கிலோமீட்டர் கடல். கொழும்பிலிருந்து ஏடனுக்குப் போகும் கப்பல்கள் மினிக்காயை ஒட்டித்தான் திரும்பவேண்டும். இன்று தூத்தூர்க்காரர்கள் சுறாவுக்குத் தூண்டில் போடப் போகும் ஆழ்கடலும் இந்தத் திசைதான். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் நடுவிலுமாக இரண்டு முறை எம்டன் இந்தப் பக்கத்தில் பதுங்கி நின்று ஒரு டசன் கப்பல்களைப் பிடித்தது. குளச்சலிலோ முட்டத்திலோ கரைமடி இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு மேற்கே அடிவானத்துக்கு அப்பால் இது நடப்பது தெரிந்திருக்காது.

அந்தக் கப்பல்களில் கரி அள்ளியவர்கள் யார்? பெரும்பாலும் நம்மவர்கள். ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட இந்திய மாலுமிகள் 1914இல் சுமார் 51,000 பேர். எந்திர அறைக்குச் சில்ஹெட், சிட்டகாங் பக்கத்து ஆட்கள், தளத்துக்குக் குஜராத்தி, கொங்கணி, மலபார்க்காரர்கள், சாப்பாட்டறைக்குக் கோவாக்காரர்கள். சாரங்கு என்ற மேஸ்திரி ஆள் பிடித்துக் கொடுப்பார், அவருக்குக் கமிஷன். வெள்ளை மாலுமியின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கையில் வரும். வெயில் நாட்டுக்காரன் அடுப்படிச் சூட்டைத் தாங்குவான் என்பது கம்பெனிகள் சொன்ன நியாயம். அதையும் நம்பினார்கள்.

எம்டன் ஒரு கப்பலை நிறுத்தும் விதம் எப்போதும் ஒன்றுதான். வெற்றுக் குண்டு ஒன்று, அதன்பின் நில் என்ற கொடி. படகில் ஏறி வரும் ஆட்கள் காகிதங்களைப் பார்ப்பார்கள். எல்லோரையும் இறக்கி இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். அடித்தட்டு வால்வுகளைத் திறந்தோ வெடி வைத்தோ கப்பலை மூழ்கடிப்பார்கள். பிடித்த கப்பல்களில் ஒன்றிரண்டைக் கைதிகளைச் சுமப்பதற்கென்றே விட்டுவைத்துப் பிறகு விடுவித்தார்கள். வணிகக் கப்பல்களிலிருந்தவர்களைத் தளபதி கார்ல் ஃபான் முல்லர் மரியாதையாக நடத்தினார் என்பதை எதிரிகளே ஒப்புக்கொண்டார்கள். விடுவிக்கப்பட்டவர்கள் எம்டனுக்கு வாழ்த்துக் கோஷம் போட்டதாகவும் உண்டு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கோஷம் போட்ட கூட்டத்தில் லஸ்கர்களும் இருந்தார்களா, அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பது என் கேள்வி. அந்த நாளில் கப்பல் மூழ்கினால் மாலுமியின் சம்பளமும் அன்றோடு நின்றுவிடும் என்பது ஆங்கிலக் கப்பல் தொழிலின் பழைய வழக்கம். முதல் உலகப் போரில் இறந்த வங்க, அஸ்ஸாம் லஸ்கர்கள் 896 பேருக்காகக் கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் 1924இல் ஒரு நினைவுத்தூண் எழுந்தது. அதுவும் பல வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது.

அக்டோபர் 9 அன்று எம்டன் டியாகோ கார்ஸியாத் தீவில் நின்றது. தென்னந்தோப்பு நடத்தும் சில குடும்பங்கள். மொரீஷியஸிலிருந்து எப்போதாவது வரும் தபால். யுத்தம் தொடங்கியதே அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. மாலுமிகள் கப்பலை ஒரு பக்கம் சாய்த்து அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டினார்கள், கரி ஏற்றினார்கள், தோப்பு மேலாளரின் பழுதான மோட்டார் படகைச் சரிசெய்து கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஓய்வுக்கு மிக அருகில் வந்தது இந்த ஒன்றிரண்டு நாள்தான்.

பினாங்கில் அக்டோபர் 28 விடியலில் நடந்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே. துறைமுகத்தில் நின்ற ருஷ்யக் குரூசர் ஜெம்சுக்கை எம்டன் டார்பீடோ விட்டு மூழ்கடித்தது. 89 மாலுமிகள் இறந்தார்கள். அதன் தளபதி அந்த இரவு கரையில், விடுதியில் இருந்தார். விசாரணையில் அவருக்குச் சிறையும் பதவிப் பறிப்பும் விதித்தார்கள். ஜார் அரசர் தீர்ப்பை மாற்றினார்: சாதாரண மாலுமியாகப் போய்ப் பணிசெய்யட்டும். மற்றவர்கள் பிறந்ததிலிருந்து செய்துவந்த வேலை அவருக்குத் தண்டனை.

நவம்பர் 9 காலை கொகோஸ் தீவுகளில் தந்திநிலையத்தை உடைக்க மூக்கெ தலைமையில் ஐம்பது பேர் இறங்கினார்கள். அதற்குள் நிலையத்தார் செய்தி அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியப் படைகளை ஏற்றிவந்த கப்பல் கூட்டத்துக்குக் காவலாக வந்த சிட்னி என்ற குரூசர் பக்கத்திலேயே இருந்தது. சிட்னியின் பீரங்கிகள் ஆறு அங்குலம். எம்டனுடையவை நான்கு அங்குலத்துக்குச் சற்று மேல். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துபோனது. மேல்தளத்தில் பீரங்கியோடு நின்றவர்களில் பெரும்பாலோர் அங்கேயே விழுந்தார்கள். புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. இதைக் கரையிலிருந்து படிக்கிறவன் அலங்காரம் உடைந்ததாக எடுத்துக்கொள்வான். அடுப்படிக்கு அதுவே மூச்சுக்குழாய். புகைபோக்கி விழுந்தால் அடுப்புக்கு இழுப்பு இல்லை. தீ மங்கும், புகை கீழேயே திரும்பும், வேகம் சரியும். அந்தப் புகைக்குள் நின்று அள்ளிக்கொண்டே இருந்தவர்களால்தான் கடைசியில் முல்லரால் கப்பலை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஓட்டி ஏற்ற முடிந்தது. சுக்கான் போய், பீரங்கிகள் ஓய்ந்தபின்னும் எந்திரம் ஓடியது.

சுமார் 130 பேர் இறந்தார்கள். சிட்னியில் நான்கு பேர். காயத்தோடு நீந்தித் தீவில் ஏறிய சிலர் அன்றிரவு குடிக்கத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்கள். தேங்காய் உண்டு, ஏறிப் பறிக்கத் தெரிந்தவன் இல்லை. நம் கரையில் பத்து வயதுப் பையன் செய்வதை அந்த வடகடல்காரர்களால் செய்ய முடியாமல் போனது. உதவி மருத்துவர் ஒருவர் அங்கேயே இறந்தார்.

கரையில் இறங்கியிருந்த ஐம்பது பேர் தங்கள் கப்பல் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே நின்ற அயேஷா என்ற 97 டன் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு சுமத்ரா, அங்கிருந்து சரக்குக் கப்பலில் ஏமன், பிறகு பாலைவனம் என்று ஆறுமாதம் அலைந்து 1915 மேயில் கான்ஸ்டான்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். அயேஷாவில் மழை பெய்தால் பாயை விரித்துத் தண்ணீர் பிடித்தார்கள். நீராவிக் கப்பலில் பழகியவர்களுக்குத் தாத்தா காலத்துத் தொழில் திரும்பிவந்தது. கரி அள்ளத் தேவையில்லை என்பது ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

எம்டனில் பிழைத்தவர்களுக்குப் பின்னாளில் தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதே கடற்படையில் வேலைசெய்த மற்ற ஜெர்மானிய மாலுமிகளின் கதை வேறு விதமாகப் போயிற்று. ஹெல்கோலாண்ட் என்ற பெரும் போர்க்கப்பலில் ரிஷார்ட் ஷ்டும்ஃப் என்ற தகர வேலைக்காரர் மாலுமியாக இருந்தார். போர் முழுக்க நாட்குறிப்பு எழுதினார். சாதாரண மாலுமியின் கையெழுத்திலேயே கிடைக்கும் அபூர்வமான சாட்சி அது. துறைமுகத்தில் மாதக்கணக்கில் சும்மா நின்ற கப்பல், பெயின்ட் அடித்த இடத்திலேயே மறுபடியும் பெயின்ட், மாலுமிக்கு டர்னிப் கிழங்கு, அதிகாரிக்கு விருந்து. 1917இல் பிரின்ஸ்ரேகன்ட் லூயிட்போல்ட் கப்பலின் அடுப்படி ஆட்கள் வேலைக்கு மறுத்தார்கள். அல்பின் கோபிஸ் என்ற அடுப்படி ஆளும் மாக்ஸ் ரைஷ்பீட்ஷ் என்ற மாலுமியும் செப்டம்பர் 5 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வருஷம் கீல் துறைமுகத்தில் மூண்டது கைசரின் ஆட்சியையே கொண்டுபோனது. இருபத்தெட்டு வருஷம் கழித்து, 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாய் தல்வார் பயிற்சித் தளத்தில் இந்திய மாலுமிகள் தட்டைத் தள்ளிவைத்ததும் சாப்பாட்டில்தான் தொடங்கியது.

எம்டனில் அப்படி எதுவும் நடக்கவில்லை. முல்லரின் நற்குணம் காரணம் என்று அதிகாரிகள் எழுதினார்கள். இருக்கலாம். மூன்று மாதமும் கரி அள்ளியே தீர்ந்தவர்களுக்கு முணுமுணுக்கவும் நேரம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

செண்பகராமன் பிள்ளை 1934 மே மாதம் பெர்லினில் இறந்தார். தன் அஸ்தியைக் கரமனை ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் கரைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. மனைவி லட்சுமிபாய் அதைப் பம்பாயில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி அதைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. அப்படியாக, எம்டனில் கால் வைக்காத பிள்ளை ஒரு போர்க்கப்பலில்தான் ஊர் திரும்பினார். டெல்லிக்கும் ஒரு முன்ஜென்மம் உண்டு. அகில்லிஸ் என்ற பெயரில் நியூசிலாந்து மாலுமிகளோடு 1939 டிசம்பரில் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்தில் ஜெர்மானியக் கப்பல் கிராஃப் ஷ்பேயை எதிர்த்துச் சண்டைபோட்ட கப்பல் அது. அன்று அதில் நான்கு பேர் இறந்தார்கள். 1948இல் இந்தியா அதை வாங்கியது. அதன் கொதிகலன்கள் எண்ணெயில் எரிந்தவை. அள்ளுவதற்குக் கரி கிடையாது, மேலே ஏற்றிக் கவிழ்ப்பதற்குச் சாம்பல் வாளியும் கிடையாது. பம்பாயிலிருந்து கொச்சிவரை அந்தக் கப்பல் சுமந்து வந்த சாம்பல் பிள்ளையுடையது ஒன்றுதான்.